கயிற்றின் மறுமுனையில் உன் அம்மா

லாபிஸ்,
யுவ வருஷம், ஆனி மாதம்.

அன்பு மகள் தனலெட்சுமிக்கு அப்பா எழுதிக்கொள்வது. மாரியம்மன் புண்ணியத்தில் நானும் உன் அம்மாவும் இங்கே நோய்நொடி இல்லாமல் இருக்கிறோம். அங்கே சுங்கைப் பட்டாணியில் நீயும் மாப்பிள்ளையும் சௌக்கியம் என்று உன் கையெழுத்தில் பார்த்த பிறகுதான் எனக்குச் சோறு இறங்கியது. மசக்கை குறைந்துவிட்டது என்று எழுதியிருந்தாய், கேட்டு நிம்மதி. நாக்கு புளிப்புக் கேட்கிறது என்று மாங்காயிலேயே வயிற்றை நிரப்பிக்கொள்ளாதே, கஞ்சியாவது குடி. மாப்பிள்ளைக்கு இருமல் விடவில்லை என்றாயே, அதற்குச் சுக்கும் மிளகும் தட்டிப் போட்டுக் கருப்பட்டியோடு கஷாயம் வைத்துக் கொடுக்கச் சொல்கிறாள் அம்மா, அவர் முகத்தைச் சுளித்தாலும் விடாதே என்றும் சொல்கிறாள், அதை நான் எழுதினேனா என்று எட்டிப் பார்த்துவிட்டுத்தான் அந்தப் பக்கம் போனாள்.

போன கடிதத்தில் ஆளாளுக்குச் சொன்ன ஜோசியத்தை எல்லாம் எழுதிவிட்டு, போட்டியில் யார் ஜெயித்தது என்று எழுதாமல் விட்டுவிட்டீர்களே அப்பா, இது நியாயமா என்று கேட்டிருக்கிறாய். நியாயம் இல்லைதான். ஆனால் போட்டி முடிந்த கையோடு எழுதியிருந்தால் பாதிக் கதைதான் உனக்குக் கிடைத்திருக்கும், மீதிப் பாதி போன வாரம்தான் முடிந்தது. இப்போது முதலிலிருந்தே எழுதுகிறேன், மாப்பிள்ளைக்கும் வாசித்துக் காட்டு, அவருக்கு இது ஒன்றும் தெரியாது.

பங்குனி மாதம் ஒருநாள் விடியற்காலை, ஆள் கணக்கெடுக்கும் பிரட்டுக்கு நாங்கள் எல்லாரும் வந்து நிற்கும்போது ஆபீஸ் கணக்கு எழுதும் கிராணி சபாபதி ஒரு காகிதத்தைப் பிரித்து வாசித்தார். சீமை ராஜா பட்டத்துக்கு வந்து இருபத்தைந்து வருஷம் ஆனதற்குச் சித்திரையில் வெள்ளி விழா, அன்றைக்கு நம் தோட்டத்தில் விளையாட்டுப் போட்டி, அக்கம்பக்கத்துத் தோட்டத்துத் துரைமாரும் அவர்கள் வீட்டு அம்மாமாரும் வருவார்கள், ஆண்களுக்கு ஓட்டம், சாக்கு ஓட்டம், தேங்காய் உரித்தல், கயிறு இழுத்தல், பெண்களுக்கு ஊசியில் நூல் கோர்த்தல் என்று நிறுத்தினார். எல்லாரும் தலையாட்டிவிட்டுக் கலையப் பார்த்தோம். அப்போது உன் அம்மா, "வருசம் பூரா நாங்க ஊசியில நூலா கோத்துக்கிட்டு இருக்கோம்? ரப்பர் மரம் சீவுறோம், பால் தூக்குறோம், பள்ளத்துல இறங்கித் தண்ணி சுமக்குறோம். எங்களுக்கும் கயித்தைக் குடுங்க, இழுக்குறோம்" என்றாள். துரை பக்கத்தில்தான் நின்றார், அவருக்குத் தமிழ் தெரியும் என்பதை நாம்தான் அடிக்கடி மறந்துவிடுகிறோம். யாரோடு இழுப்பீர்கள் என்று கேட்டார். "இதோ நிக்கிறாங்களே, இவங்க கூடத்தான்" என்று விரலை நீட்டிக்கொண்டே வந்தாள், விரல் என் முன்னால் வந்து நின்றது. துரை சிரித்துவிட்டு, ஜெயித்தால் என்ன வேண்டும், சீலையா என்றார். "சீலை வேணாம் தொரை. ஸ்டோருக்கு வர்ற தண்ணிக் குழாயை எங்க லயத்துக்கு ஏத்தி விடுங்க" என்றாள்.

மாப்பிள்ளைக்கு இந்த இடத்தில் நீ விளக்கிச் சொல்ல வேண்டும். நம் தோட்டத்தில் ரப்பர்ப் பால் காய்ச்சும் ஸ்டோருக்கும் துரை பங்களாவுக்கும் மட்டும்தான் குழாய். நாம் குடியிருக்கும் லயம் மேட்டில், தண்ணீர் பள்ளத்து ஆற்றில். பெண்கள் வேலை முடிந்து வந்து இறங்கி ஏறுவார்கள், பிறகு பொழுது சாயும்போது மறுபடியும். வெயில் காலத்தில் மணலைத் தோண்டி ஊறும்வரை உட்கார்ந்திருக்க வேண்டும், மழைக்காலத்தில் அந்தச் சரிவு எப்படி வழுக்கும் என்பதை உன் முட்டியில் இருக்கும் தழும்பே சொல்லும். கேட்கும்போதெல்லாம் பார்க்கலாம் என்ற பதில்தான் கிடைத்தது. அன்றைக்குத் துரை எல்லார் முன்னாலும் கையைத் தட்டி, "பொம்பளே ஜெயிச்சா பைப்பு வரும். தோத்தா எல்லாம் ஊசி நூல். சரியா?" என்றார். சரி என்று பெண்கள் போட்ட சத்தத்தில் மரத்திலிருந்த குரங்கு தாவி ஓடியது.

அன்று மாலை ஸ்டேஷனுக்கு எதிரே இருக்கும் சுப்ஹான் பாய் தேத்தண்ணிக் கடையில் இதே பேச்சு. ஆண்கள் பக்கத்துக்குக் கடைசி ஆள், கயிற்றை இடுப்பில் சுற்றிக்கொண்டு நிற்கிறவன், நான்தான் என்று முடிவாகிவிட்டது, அந்த மிதப்பில் நான் கொஞ்சம் வாய் நீட்டிவிட்டேன். "வெத்தலையை மடிச்சு வாயில போட்டா, சாறு தொண்டையில இறங்குறதுக்குள்ள முடிஞ்சிரும்" என்றேன். கிராணி சபாபதி அதையும் மிஞ்சினார், பெண்கள் கயிற்றுக்குப் பக்கத்திலேயே வரமாட்டார்கள், வெள்ளைக்கார அம்மாமாரைப் பார்த்ததும் முந்தானையில் முகத்தை மூடிக்கொண்டு ஓடுவார்கள், வேண்டுமானால் தன் மீசையை எடுத்துவிடுவதாகச் சொன்னார். சுப்ஹான் பாய் மட்டும் தேத்தண்ணியை ஆற்றிக்கொண்டே, "அலமாக்! நீங்க எல்லாம் ஒண்ணாச் சேந்து தோக்கப் போறீங்க. அந்தப் பொம்பளைங்க தலையில ஒண்ணு இடுப்புல ஒண்ணுன்னு குடத்தோட மேடு ஏறுறதை நான் சாமான் கொண்டாரும்போதெல்லாம் பாக்குறேன். உங்க தோள்ல துண்டைத் தவிர என்னத்தைப் பாத்தேன்?" என்றார். கடையே சிரித்தது. நானும் வீட்டுக்கு வந்து இதை எல்லாம் பெருமையாகச் சொன்னேன். உன் அம்மா அடுப்பைவிட்டுத் திரும்பாமலே, "மொத இழுப்பு உங்களுக்கு. அடுத்த ரெண்டும் எங்களுக்கு" என்றாள். நாளைக்கு என்ன குழம்பு என்று சொல்கிற மாதிரி சொன்னாள். எனக்குச் சிரிப்பில் புரையேறிவிட்டது.

இதற்கப்புறம் யானைக் கதை. ஆற்றோரம் ஒரு பழைய ரப்பர் மரம் விழுந்து கிடந்ததே, நீ துணி துவைக்கும் கல்லுக்குப் பக்கத்தில், அந்த மரம் ஒருநாள் காலையில் பாதிச் சரிவில் கிடந்தது. இரண்டு நாள் கழித்து இன்னும் மேலே. அதற்கப்புறம் கோயிலுக்குக் கீழே. மண்ணில் இழுத்த தடம் ஓடை மாதிரி இருந்தது. கங்காணி மணியம் வந்து தடத்தைக் குனிந்து பார்த்து, மோந்தும் பார்த்துவிட்டு, "இது ஒத்தை யானை. கொம்பன். இப்ப மரத்தை இழுக்குது, தொரை விழாவுல மேளம் கொட்டுனா நேரா மைதானத்துக்கே வந்துரும், பாருங்க" என்று அடித்துச் சொன்னார். லயத்தில் ஆண்கள் எல்லாரும் விளக்கு வைத்ததும் கதவைச் சாத்திக்கொண்டோம். பெண்கள் மட்டும் பயமில்லாமல் விறகு பொறுக்கப் போனார்கள், வந்தார்கள், நானும் இவர்களுக்கு என்ன தைரியம் என்று நினைத்தேனே தவிர வேறொன்றும் தோன்றவில்லை. உன் சிநேகிதி செல்வராணியின் புருஷன் ஜெயபாலன்தான் ஒருநாள் ஆடு தேடிப் போன இடத்தில் பார்த்துவிட்டு ஓடிவந்தான். "மாமா, யானையைப் பாத்தேன். எட்டு யானை. எல்லாம் சீலை கட்டியிருக்கு" என்றான். உன் அம்மா கடைசியில் நின்று ஏலேலோ என்று இழுத்துப் பாட, செல்வராணியும் மற்றவர்களும் பாட்டின் ஒவ்வொரு முடிவுக்கும் ஒரு அடி பின்னால் வைக்க, மரம் மேட்டில் ஏறியதாம். வேகமாக இழுக்கவில்லை மாமா, வைத்த காலை மட்டும் எடுக்கவே இல்லை என்றான். அந்த மரம் இப்போது நம் அடுப்பில்தான் எரிகிறது.

அன்றிலிருந்து எங்கள் ஆட்களின் பேச்சு மாறிவிட்டது. ஜெயபாலன் சுப்ஹான் பாய் கடையில் என்னை ஓரமாகக் கூப்பிட்டு, குழாய் வந்தால் நமக்கும்தானே நல்லது, இரண்டு இழுப்பு கையைத் தளர்த்திவிட்டால் துரைக்கு எப்படித் தெரியும் என்றான். மற்றவர்களும் அதையே நினைத்துக்கொண்டிருந்தார்கள் போல, எல்லாரும் என் முகத்தைத்தான் பார்த்தார்கள். எனக்கும் ஆசைதான் தனம், பொய் சொல்லவில்லை. நீ மாசமாக இருக்கும் சேதி வந்த வாரம் அது. தலைப்பிரசவத்துக்கு நீ இங்கே வந்தால் வெந்நீருக்கும் துணி அலசவும் எத்தனை குடம் வேண்டும் என்று உன் அம்மா வாய்விட்டுக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். சரி தளர்த்திவிடலாம் என்றுதான் தலையாட்டிவிட்டு வந்தேன். இது எப்படி அவள் காதுக்குப் போனதோ, செல்வராணி வழியாகத்தான் போயிருக்கும், சோற்றைப் போட்டுவிட்டு எதிரே உட்கார்ந்தாள். "நீங்க விட்டுக்குடுத்து வர்ற தண்ணி எனக்கு வேணாங்க. நாளைக்கு அந்தக் கிராணி குழாய்க்கிட்ட நின்னு, ஆம்பளைங்க போட்ட பிச்சைன்னு சொல்லுவாரு. என் மகளை அந்தத் தண்ணியில குளிப்பாட்டச் சொல்றீங்களா? இழுங்க. உங்க உசுரு இருக்கிற மட்டும் இழுங்க" என்றாள். மறுநாள் ஆட்களிடம் போய், யாரும் தளர்த்தக் கூடாது, தளர்த்துகிறவன் என் வீட்டுப் பக்கம் வரக்கூடாது என்று சொல்லிவிட்டேன்.

விழா நாளுக்கு முந்தின இரவு நல்ல மழை. காலையில் வெயில் அடித்தாலும் ரயில் ரோட்டுக்கும் ஸ்டோருக்கும் நடுவில் இருக்கிற மைதானம் சொதசொத என்று கிடந்தது. பக்கத்துக் கம்போங் கிராமத்திலிருந்து மலாய்க்காரர்கள் பிள்ளைகுட்டிகளோடு வந்திருந்தார்கள், டவுனிலிருந்து சீனக் கடைக்காரர்கள் வந்திருந்தார்கள், பந்தலில் துரைமார், வெள்ளைக்கார அம்மாமார். கயிறு இழுக்கக் கூப்பிட்டதும் பெண்கள் எங்களுக்கு முன்னால் போய் நின்றுவிட்டார்கள், கண்டாங்கியை இழுத்துச் செருகி, தலையில் துண்டைக் கட்டி. அம்மாமார் கை தட்டியதற்குச் செல்வராணி ஒரு கும்பிடும் போட்டாள். நான் திரும்பிக் கிராணியைப் பார்த்தேன், அவர் கை தானாக மீசைக்குப் போயிருந்தது. எங்களுக்குத் துரை புதிதாக வெள்ளைச் சப்பாத்து வாங்கிக் கொடுத்திருந்தார், விருந்தாளிகள் பார்க்க அழகாக இருக்க வேண்டுமாம், பெண்கள் வெறுங்கால்தான். முதல் இழுப்பில் நாங்கள் ஓவென்று கத்திக்கொண்டு ஒரே மூச்சில் இழுத்தோம், அவர்கள் கோட்டைத் தாண்டி வந்துவிட்டார்கள், வெற்றிலைச் சாறு இறங்கியிருக்காது. நான் சுப்ஹான் பாயைப் பார்த்துக் கையை ஆட்டினேன். உன் அம்மா முகத்தில் ஒரு வருத்தமும் இல்லை, தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டுக் கயிற்றைத் திரும்ப இடுப்பில் சுற்றினாள். இரண்டாவது இழுப்பில் கத்துவதற்கு எங்களிடம் மூச்சு இல்லை, அவர்கள் பாட ஆரம்பித்தார்கள். ஏலேலோவுக்கு ஒரு அடி, ஏலேலோவுக்கு ஒரு அடி. எங்கள் புதுச் சப்பாத்து சேற்றில் சறுக்கிக்கொண்டே போனது, வண்டி போகிற மாதிரி போய்க் கோட்டைத் தாண்டினோம். மைதானம் சிரித்த சிரிப்பு ஸ்டேஷன் வரைக்கும் கேட்டிருக்கும்.

சப்பாத்துதான் காரணம் என்று எங்கள் ஆட்கள் முணுமுணுத்தார்கள். உன் அம்மா காதில் விழுந்துவிட்டது. "கழட்டிப் போடுங்க. அப்புறம் ஒருத்தரும் ஒண்ணும் சொல்லக் கூடாது" என்றாள். கழற்றி எறிந்தோம். மூன்றாவது இழுப்பில் இரண்டு பக்கமும் வெறுங்கால். நான் சேற்றில் குதிகாலைப் பதித்து மல்லாந்த மாதிரி சாய்ந்தேன், எனக்கு நேர் எதிரே, கயிற்றின் அந்தக் கடைசியில் அவளும் அப்படியே சாய்ந்திருந்தாள். கயிறு இந்தப் பக்கமும் போகவில்லை, அந்தப் பக்கமும் போகவில்லை, நின்றுவிட்டது. அவள் கழுத்து நரம்பு புடைத்திருந்தது எனக்குத் தெரிந்தது. இருபத்து மூன்று வருஷமாகப் பக்கத்தில் இருப்பவள், அந்த முகத்தை நான் அப்படிப் பார்த்ததே இல்லை. ஒரு நிமிஷம் மனது ஆடிப்போய்விட்டது தனம். விடு செல்லப்பா, போதும், அவள் ஜெயிக்கட்டும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன், கை தானாகத் தளரப் பார்த்தது. அவள் என் கண்ணைப் பார்த்தாள். அவளுக்குத் தெரிந்துவிட்டது. தலையை வேண்டாம் என்று ஒருமுறை ஆட்டினாள், அவ்வளவுதான். அதற்கப்புறம் நான் இழுத்த இழுப்பு என் ஜென்மத்தில் இழுத்ததில்லை, என் பல் கடிபடும் சத்தம் என் காதுக்கே கேட்டது, அவர்களை ஒரு முழம் எங்கள் பக்கம் கொண்டுவந்துவிட்டோம். அப்போது அந்தப் பக்கம் பாட்டு நின்றுவிட்டது. தோற்றார்கள் என்றே நினைத்தேன். பிறகு உன் அம்மா குரல் தனியாக எழுந்தது, மெதுவாக, பிள்ளையைத் தூங்க வைக்கிற மாதிரி, அதற்கு மற்ற ஏழு பேரும் சேர்ந்தார்கள், ஒரு அடி வைத்தார்கள். இன்னொரு அடி. எங்கள் பக்கம் முன்னால் நின்ற ஜெயபாலன் மண்டியிட்டான், அவனுக்குப் பின்னால் ஒவ்வொருவராக, கடைசியில் நான் மட்டும் நின்றுகொண்டு சேற்றில் உழுது கொண்டு போனேன். கோட்டைத் தாண்டியதும் குப்புற விழுந்தேன்.

மேளம் கொட்டுகிறது, பெண்கள் கட்டிப்பிடித்துக் குதிக்கிறார்கள், கம்போங் பிள்ளைகள் மைதானத்துக்குள் ஓடுகிறார்கள். உன் அம்மா குதிக்கவில்லை. நேரே என்னிடம் நடந்து வந்தாள், சேற்றில் குந்தினாள், "கையைக் காட்டுங்க" என்றாள். இரண்டு கையையும் விரித்தேன். தோல் உரிந்து ரத்தம் கசிந்துகொண்டிருந்தது. அதைப் பார்த்தபிறகுதான் அவள் முகம் மலர்ந்தது, அப்படி ஒரு சிரிப்புச் சிரித்தாள், எல்லார் முன்னாலும் என் கையைத் தன் முந்தானையால் சுற்றிவிட்டாள். தோற்றதற்கு ஒருத்தன் அத்தனை சந்தோஷப்பட்டிருப்பானா என்று நீதான் சொல்ல வேண்டும்.

துரை சொன்ன சொல்லை விழுங்கத்தான் பார்த்தார். ஆனால் பந்தலில் இருந்த மற்றத் துரைமார் விடவில்லை, எப்போது பைப்பு, எப்போது பைப்பு என்று கேலி செய்து அவர் முகத்தைச் சிவக்க வைத்துவிட்டார்கள். அதிலும் கிராணி மறுபடி வாயைக் கொடுத்தார், மீசையை எடுத்த மழுமழு முகத்தோடு, இந்தக் குழாய் இந்த ஜென்மத்தில் மேடு ஏறாது என்றார். போன மாதம் ரயிலில் இரும்புக் குழாய்கள் வந்து இறங்கின. ஆண்கள் எல்லாரும் வேலை முடிந்த பிறகு ஸ்டோரிலிருந்து லயம் வரைக்கும் நாங்களே வாய்க்கால் தோண்டிக் கொடுத்தோம், கங்காணி மணியமும் மண்வெட்டி பிடித்தார், யானையைப் பற்றி யாராவது எடுத்தால் மட்டும் கோபித்துக்கொள்கிறார். போன வாரம் குழாய்த் திருகைத் திறந்ததும் முதலில் காற்று உறுமியது, பிறகு துருத் தண்ணீர், அப்புறம் கண்ணாடி மாதிரி வந்தது. சுப்ஹான் பாய் ஒரு தட்டு நிறைய வாழைப்பழம் கொண்டுவந்து எல்லாருக்கும் கொடுத்தார், தான் சொன்னது பலித்ததற்கு மனுஷன் தானே விருந்து வைக்கிறார். நானும் என் ஜோசியத்தில் மூன்றில் ஒன்று பலித்தது என்று சொல்லிப் பார்த்தேன், ஒருவரும் காதில் வாங்கவில்லை.

ஆனால் இதில் ஒருவரும் சொல்லாத ஒன்று நடந்தது, அதை உனக்கு எழுதத்தான் இத்தனை நீளம். தண்ணீர் வந்த மறுநாள் வேலை முடிந்து வந்து, உன் அம்மா குழாயில் குடத்தை நிரப்பிக் கொண்டுவந்து வைத்துவிட்டாள். வெயில் இன்னும் இருந்தது. அந்த நேரத்தில் அவள் எப்போதும் சரிவில் இறங்கிக்கொண்டிருப்பாள். வாசலில் நின்று அந்தப் பக்கம் பார்த்தாள், இந்தப் பக்கம் பார்த்தாள், கையை என்ன செய்வது என்று தெரியவில்லை அவளுக்கு. பிறகு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். என்ன வெள்ளையம்மா என்றேன். "ஒண்ணுமில்லைங்க, சும்மா" என்றாள். இத்தனை வருஷத்தில் அவள் பகல் வெளிச்சத்தில் சும்மா உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. விளக்கு வைக்கும் வரைக்கும் பேசிக்கொண்டே இருந்தோம், நீ பிறந்த கதை, அவள் கப்பலில் வந்த கதை, எனக்கே தெரியாத எத்தனையோ. இப்போது தினமும் அந்த நேரத்துக்கு வந்து உட்கார்ந்துவிடுகிறாள்.

மாப்பிள்ளையிடம் சொல்லி ஏழாம் மாதத்துக்கே உன்னை அழைத்துவரச் சொல், நான் ஸ்டேஷனில் வந்து நிற்கிறேன். ரயிலில் தனியாக ஏறி இறங்காதே. நீங்கள் இரண்டு பேரும், வரப்போகிற பிள்ளையும் நீண்ட ஆயுசோடு, குறையில்லாமல் வாழ மாரியம்மன் துணையிருக்கட்டும். ஒன்று மறந்துவிடாதே தாயி, இனிமேல் கடிதம் எழுதும்போது அப்பாவுக்கு என்று மட்டும் எழுதாமல் அம்மாவுக்கென்று தனியாக ஒரு பக்கம் எழுது, நீளமாகவே எழுது, உட்கார்ந்து கேட்க இப்போது அவளுக்கு நேரம் இருக்கிறது.

உன் அப்பா,
செல்லப்பன்.